ஒன்பது கட்டக் கணக்கு

அக்கா, நேற்று நீங்கள் கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை. "மகள் புவியியல் படிக்கிறாள், ராத்திரி பன்னிரண்டு மணிவரை வண்ணக் கட்டங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற்றிவிடலாமா?" என்றீர்கள். அவளிடம் பேசிவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். பேசினேன். மாற்ற வேண்டாம்.

அவள் திரையில் இருப்பது க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள். ஊரைச் சிறுசிறு சதுரங்களாக்கி, ஒவ்வொன்றிலும் தரை வெப்பத்தை ஓர் எண்ணாக எழுதி வைத்தால் அதுதான் ராஸ்டர். ஒரு கட்டத்தை மட்டும் பார்க்காமல், சுற்றியுள்ள எட்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, விடையை நடுக்கட்டத்தில் எழுதுவார்கள். பிறகு அந்த மூன்றுக்கு மூன்று ஜன்னல் அடுத்த கட்டத்துக்கு நகரும். இப்படியே படம் முழுக்க.

அவளுக்கு நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். நடுவில் 38 டிகிரி. சுற்றிலும் 31, 31, 32, 31, 32, 32, 32, 33. கூட்டினால் 292, சராசரி 32.4. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 32. இரண்டிலும் அந்த 38 கரைந்துவிடுகிறது. "இந்த 38-ஐ நம்புவாயா?" என்று கேட்டேன். "படம் எதில் எடுத்தது?" என்று திருப்பிக் கேட்டாள்.

அங்கேயே எனக்குத் திருப்தி, அக்கா. லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் வெப்பப் படம் 30 மீட்டர் கட்டங்களாகக் கைக்கு வந்தாலும், கருவி அளந்தது 100 மீட்டரில்தான். அதில் ஒரே ஒரு கட்டம் மட்டும் தனியாக ஆறு டிகிரி எகிறினால் சந்தேகப்பட வேண்டும். தாழப் பறந்த ட்ரோன் எடுத்த படம் என்றால் அது ஒரு தகரக் கூரையாகவே இருக்கலாம். அப்போது சராசரி எடுத்தால் தேடிப்போன பொருளையே நாமே அழித்த மாதிரி. அதிகபட்சத்தை எடுக்க வேண்டும். பொத்தானை அழுத்த ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். சம்பளம் இந்தத் தீர்மானத்துக்குத்தான்.

இதில் சறுக்குகிறவர்களும் உண்டு. ஒரு பையன் புல்லுக்கு 1, கட்டடத்துக்கு 2, தண்ணீருக்கு 3 என்று குறியிட்ட படத்தில் சராசரி போட்டுக் கொண்டுவந்தான். புல்லும் தண்ணீரும் சேரும் குளக்கரை ஓரமெல்லாம் கட்டடம் முளைத்திருந்தது! குறியீட்டுக்குச் சராசரி கிடையாது, எது அதிகமாக இருக்கிறதோ அதை எடுக்க வேண்டும். இன்னொரு பெண் கடல் உள்ள கட்டங்களை வெற்றாக விடாமல் பூஜ்யம் போட்டு வைத்திருந்தாள். கரையோரம் ஆறு கட்டம் 32, மூன்று கட்டம் 0. சராசரி 21.3. நம் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரை குளுகுளு கேமரன் மலை ஆகிவிட்டது.

வேலை எங்கே என்கிறீர்களா? நகர மறுசீரமைப்பு ஆணையம், நில ஆணையம், பொதுப் பயனீட்டுக் கழகம், தேசியப் பூங்காக் கழகம் எல்லாமே வரைபடத் தரவோடு புழங்குகிற இடங்கள். தரை உயரப் படத்தில் இதே ஜன்னலை ஓட்டி, கட்டத்தின் உயரத்திலிருந்து சுற்றுப்புறச் சராசரியைக் கழித்தால், கழித்தல் குறியோடு வருவது பள்ளம். மழைத் தண்ணீர் அங்கே தேங்கலாம். 2010-இல் ஆர்ச்சர்ட் ரோடு வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் பட்டம் மட்டும் போதாது, பைத்தான் நிரல்மொழியும் வேண்டும். இந்த விடுமுறையில் உங்கள் பேட்டையையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 30 மீட்டர் கட்டத்தில் மூன்றுக்கு மூன்று என்றால் 90 மீட்டர், பதினொன்றுக்குப் பதினொன்று என்றால் 330 மீட்டர். ஒரே வெப்பப் படத்தை இரண்டு ஜன்னலிலும் ஓட்டி, எதில் என்ன தெரிந்தது, எது மறைந்தது என்று ஒரு பக்கம் எழுதட்டும். நேர்காணலில் பத்து சான்றிதழைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும் என்பது என் அனுபவம்.

சனிக்கிழமை அந்தப் படங்களோடு அவளை அனுப்புங்கள். பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.