சீட்டில் ‘1+’ என்று வந்தால்...

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பள்ளி முகாமில் மதியம் யூரின் பார்த்து ‘புரதம் 1+’ என்று சீட்டு கொடுத்தார்கள். வீக்கம், வலி எதுவும் இல்லை. ‘கிட்னி போச்சு’ என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவா, விட்டுவிடவா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: பயப்படவும் வேண்டாம், சீட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். காலை யூரினைச் சோதித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1+ என்பது டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி யூரினுக்குச் சுமார் 30 மில்லிகிராம் புரதம். வளரும் வயதில் சில பிள்ளைகளுக்கு நிற்கும்போதும் நடக்கும்போதும் புரதம் கசியும், படுத்தால் நின்றுவிடும். இது நோயல்ல. காய்ச்சல், கடும் விளையாட்டுக்குப் பிறகும் வரும். இன்னொன்று, பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் நம் பகுதியில் ஏராளம். அவர்களின் யூரின் கெட்டியாக இருப்பதால், கொஞ்சம் புரதமே சோதனைப் பட்டையில் (யூரினில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டை) தூக்கலாகக் காட்டும்.

இரவு படுக்குமுன் அவசியம் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பகலில் கசிந்த புரதம் காலை யூரினில் கலந்துவிடும். எழுந்ததும், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேப் தரும் டப்பாவில் பிடியுங்கள். வீட்டு பாட்டில் வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் கிருமிநாசினியே பொய்யாகப் புரதம் காட்டலாம். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். மாதவிடாய் நாட்களில் எடுக்காதீர்கள், ரத்தம் கலந்துவிடும்.

பட்டையை நனைத்ததும் பார்க்கக் கூடாது. பெரும்பாலானவற்றில் புரதக் கட்டத்துக்கு 60 விநாடி. மஞ்சள் நிறம் பச்சையாக மாறினால் புரதம். பட்டை டப்பாவைத் திறந்தே வைத்தால் காசிமேட்டுக் கடல்காற்றின் ஈரத்தில் பட்டை கெட்டுவிடும். முகாம் நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காலை யூரினிலும் புரதம் இருந்தால் ‘புரதம்–கிரியேட்டினின் விகிதம்’ கேளுங்கள். யூரினில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளோடு புரதத்தை ஒப்பிடும் சோதனை இது. 0.2க்குக் கீழ் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் மறுபடியும் வந்தாலோ, புரதத்தோடு ரத்தமும் சேர்ந்து காட்டினாலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவுக்குக் காட்டுங்கள். ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். ஐஜிஏ நெஃப்ரோபதி போன்ற சிறுநீரக நோய்கள் ஆரம்பத்தில் வலிக்காது, வீங்காது. ஜப்பானில் 1970களிலிருந்து நாடு முழுக்கப் பள்ளிகளில் யூரின் சோதிப்பது அதனால்தான்.

டிகாக்ஷன் நிறத்தில் யூரின் போனாலோ, காலையில் கண் இமை உப்பினாலோ இந்தச் சோதனைக்கெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே காட்ட வேண்டும். சில வாரம் முன்பு தொண்டைப் புண்ணோ சிரங்கோ வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அன்றைக்கே காட்ட வேண்டும்.