11 கோணிப்பையில் வந்த டாக்சி: கேள்வி பதில்

1964ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 190டி டாக்சி ஒன்றைக் கழற்றிப் போட்ட நிலையில் வாங்கினேன். வெறும் கூடு ஒரு லோரியில் வந்து இறங்கியது. மற்றதெல்லாம் 11 கோணிப்பைகளிலும் இரண்டு தகர டிரம்களிலும் வந்தது. நான்கரை ஆண்டு கழித்து, போன மாதம், அதே வண்டியை ஓட்டிக்கொண்டு இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவைச் சுற்றி வந்தேன். அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. டீசல் பட்டறையில் 38 ஆண்டு கை கறுத்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

ஐயா, என்னிடமும் ஒரு குவியல் இருக்கிறது. பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதிலிருந்து தொடங்கினீர்கள்? (கம்பார்)

முதல் மூன்று மாதம் நான் ஸ்பேனரைத் தொடவே இல்லை, தம்பி. கொட்டகையில் தார்ப்பாய் விரித்து, பிரித்து அடுக்கினேன். அவ்வளவுதான் வேலை. பழைய தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைகள் நூற்றுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒவ்வொரு கோப்பையிலும் ஒரே அளவு, ஒரே நீளம், ஒரே புரி உள்ள போல்ட்டுகள். பெரிய சாமான்களுக்கு மைலோ டின்.

மெர்சிடிஸில் ஒரு வசதி உண்டு. பல உதிரிகளில் எண் பொறித்திருக்கும். அதன் முதல் மூன்று இலக்கம் அது எந்த வண்டிக்கு, எந்த இன்ஜினுக்குச் செய்தது என்று சொல்லிவிடும். 110 என்றால் இந்த வண்டியின் உடல் சாமான், 621 என்றால் இதன் டீசல் இன்ஜின். 120, 121 என்று வந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முந்தைய மாடலுக்குச் செய்ததைப் பல இடங்களில் இதற்கும் போட்டிருக்கிறார்கள். எண்ணைப் படிக்க டீசலில் ஊறவைத்துப் பித்தளைத் தூரிகையால் தேயுங்கள். எஃகுத் தூரிகை வேண்டாம்.

எண் இல்லாத சாமான்தான் கழுத்தை அறுக்கும். ஒரு பொட்டலத்தில் 'போனட்' என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. இரண்டு நாள் அந்தக் கீல்களை இன்ஜின் மூடியில் பொருத்திப் பார்த்துச் சலித்தேன். பிறகுதான் உறைத்தது: நம் ஊரில் பாதிப் பேருக்கு போனட் என்றால் பின்னால் பெட்டி வைக்கும் இடம்! வண்டியைக் கழற்றியவர் எந்தப் பேச்சு பேசினார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கிராண்ட் (வண்டிப் பதிவுப் பத்திரம்) இல்லாமல் மலிவாக ஒரு வண்டி வருகிறது. வாங்கலாமா? (தைப்பிங்)

வேண்டாம். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டில் இருப்பதோடு ஒத்துப்போனால் மட்டும் பணத்தை எடுங்கள். 190டி என்றால் சேசிஸ் எண் 110110 என்று தொடங்கும். அடுத்த இலக்கம் 2 என்றால் வலப்பக்க ஸ்டியரிங், 1 என்றால் இடப்பக்கம். இங்கே ஓடிய டாக்சி என்று சொல்லி 1 உள்ள கூட்டைக் காட்டினால், அந்தக் கதையை நம்பாதீர்கள். டாக்சியாகப் பதிந்த வண்டியைச் சொந்த வண்டியாக மாற்றுவது தனி வேலை. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) முகப்பில் முதலில் கேட்டுவிட்டு, பிறகு வியாபாரம் பேசுங்கள்.

தரைத் தகரம் முழுக்கத் துரு. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கலாம் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். சரியா? (பாகான் செராய்)

வைக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். 'ஒன்றுமில்லை, நேராக வெட்டுவேன்' என்றால் வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்துவிடுங்கள்.

இந்த வண்டிக்கு லோரிபோல அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது. தரை, கூரை, தூண், கதவுக்குக் கீழே ஓடும் ஓரப்பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான் எலும்பு. தரையை எடுத்தால் நடு முதுகு தொய்ந்துவிடும். நான் கதவு வாசல் ஒவ்வொன்றிலும் குறுக்காக இரும்புக் குழாய் வைத்துப் புள்ளி வெல்டிங் அடித்தேன். மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்து சுவரில் எழுதினேன். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், அதிலும் ஒரு முழம் வெட்டு, ஒரு முழம் ஒட்டு. இவ்வளவுக்கும் பிறகு இடப்பக்கப் பின்கதவு மூன்று மில்லிமீட்டர் இறங்கியது. அந்த மூன்று மில்லிமீட்டரைத் திரும்ப வாங்க ஆறு வாரம் ஆயிற்று.

இன்னொன்று. கதவு, மூடி, கண்ணாடி, பம்பர், விளக்கு எல்லாவற்றையும் சாயம் இல்லாமல் ஒருமுறை முழுதாகப் பொருத்திப் பாருங்கள். இடைவெளி சரியாக இருந்தால் மறுபடி கழற்றிச் சாயத்துக்கு அனுப்புங்கள். இரட்டை வேலைதான். ஆனால் பாதியில் நின்றுபோன வண்டிகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. நான் எட்டிப் பார்த்தவற்றில் பாதி, பளபளவென்று சாயம் அடித்தபிறகு கதவு மூடாமல் நின்றவை.

கறுப்பு உடல், மஞ்சள் கூரைதான் அடித்தீர்களா? கிரீம் நிறத்தில் அடித்திருந்தால் விலை போயிருக்குமே? (ஈப்போ)

போயிருக்கும். ஆனால் இது டாக்சி. நிறம் மாற்றினால் ஜேபிஜேயில் பதிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். பம்பர் முலாமுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்து, எண்ணிக்கைக்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பட்டறையில் எனக்கு ஐந்து கொடுத்து நான்கு வந்தது. ஐந்தாவதைப் பற்றிக் கேட்டால் அவர்கள் இன்னும் தேடுகிறார்கள்.

அண்ணே, என் 190டி-யில் பேட்டரி புதிது, ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. டேஷ்போர்டில் கம்பிச் சுருளும் சிவப்பதில்லை. (சுங்கைப்பட்டாணி)

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தச் சுருள் சிவக்காவிட்டால், ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக்கிற்கு மின்சாரம் போகவில்லை. இந்தக் கால வண்டிகளில் நான்கு பிளக்கும் தனித்தனி. உங்களுடையதில் பழைய தீபாவளி விளக்குச் சரம்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்று அறுந்தால் நான்கும் இருட்டு. டெஸ்ட் விளக்கை எடுத்து, மின்சாரம் நுழையும் முதல் பிளக்கிலிருந்து வரிசையாகத் தொட்டு வாருங்கள். எந்தப் பிளக்கின் ஒரு முனையில் எரிந்து மறு முனையில் எரியவில்லையோ, அதுதான் குற்றவாளி. 'நம் ஊர் வெயிலுக்குச் சூடாக்க வேண்டுமா' என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். எரிப்பு முதலில் நடப்பது இன்ஜின் தலைக்குள் இருக்கும் சின்ன முன்னறையில். அந்த இரும்பு குளிர்ந்திருந்தால் அழுத்தத்தில் பிறக்கும் சூட்டை அதுவே விழுங்கிவிடும்.

ஸ்டார்ட் ஆனது, ஆனால் மிதியைத் தொடாமலே இன்ஜின் அலறத் தொடங்கியது. பயந்து ஓடிவிட்டேன். (கிள்ளான்)

ஓடியதில் தவறில்லை. இனிமேல் ஓடுவதற்கு முன் அணைத்துவிட்டு ஓடுங்கள்.

இந்த இன்ஜினில் மிதி நேராக டீசல் பம்பை இழுப்பதில்லை. காற்று உள்ளே போகும் வழியில் ஒரு தட்டைத் திறக்கிறது. தட்டு மூடியிருந்தால் உறிஞ்சும் இழுப்பு அதிகம். அந்த இழுப்பு மெல்லிய குழாய் வழியாகப் பம்பின் முதுகுக்குப் போய், அங்கே ஒரு சவ்வை இழுத்து டீசலைக் குறைக்கிறது. சவ்வு கிழிந்தாலோ, குழாய் கழன்றாலோ இழுப்பு போய்விடும். ஸ்பிரிங் முழு டீசலையும் தள்ளிவிடும். என் வண்டியின் சவ்வு தோல். கோணிப்பையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து கருவாடாகிவிட்டது. வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருந்தது. விரலால் வளைத்ததும் மடிப்பில் வெளிச்சம் தெரிந்தது. புதியது போட்டேன்.

முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் காற்று நுழையும் வாய்க்குப் பக்கத்தில் தட்டைப் பலகையோடு நிற்கட்டும். அலறினால் வாயை அடைத்தால் போதும். கையால் அடைக்கக் கூடாது, துணியாலும் கூடாது.

இப்போதைய டீசல் அந்தக் கால இன்ஜினுக்கு ஒத்துக்கொள்ளுமா? (தெலுக் இந்தான்)

இன்ஜினுக்கு ஒத்துக்கொள்ளும், குழாய்க்கு ஒத்துக்கொள்ளாது. 2019 முதல் இங்கே சாலை வண்டிகளுக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலக்கிறார்கள். அது இயற்கை ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். என் பழைய குழாய் இரண்டே மாதத்தில் அட்டைபோல் வீங்கிக் கசிந்தது. தோட்டத்தில் பால்மரத்தை விழுங்கிய செம்பனை இப்போது டாங்கிக்குள்ளும் ரப்பரைத் தின்கிறது என்று என் பெரியப்பா மகன் சொன்னான். டீசலுக்கென்றே செய்த செயற்கை ரப்பர் குழாயாகக் கேட்டு வாங்குங்கள். டாங்கியின் பழைய கசடையும் இது கரைத்துவிடும். முதல் சில மாதம் ஃபில்டரை அடிக்கடி மாற்றுங்கள்.

ஏர்கோன் வைக்கலாமா? (கோலகங்சார்)

இன்ஜினுக்கே மொத்தம் 55 குதிரைச் சக்திதான். கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள்.

தம்பி, 1970களில் எங்கள் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் பிரசவத்துக்குப் போனது இப்படி ஒரு டாக்சியில்தான். நான்கு பேர் சேராமல் கிளம்பாத வண்டி, அன்று எனக்காகக் காலியாகக் கிளம்பியது. உள்ளே எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டீர்களா? (சுங்கை சிப்புட்)

இல்லை, அக்கா. இருக்கைக்குள் இருந்த குதிரைமயிர் மெத்தை ஈரத்தில் மக்கிப்போயிருந்தது. அதற்குப் பதிலாக ரப்பர் பூசிய தென்னை நார் வைத்தேன். உறைகளும் புதியவை. ஆனால் பின்பக்க இடக்கதவில் கண்ணாடி சுற்றும் கைப்பிடியைத் தொடவில்லை. முலாம் முழுக்கத் தேய்ந்து பித்தளை தெரிகிறது. கட்டைவிரல் படும் இடத்தில் சின்னக் குழி. ஜெர்மனியில் ஃபெல்பாக் நகரில் மெர்சிடிஸ் நிறுவனம் நடத்தும் பழைய வண்டி நிலையத்தில் விசாரித்தால் புதியது கிடைக்கலாம் என்று மகன் சொன்னான். விசாரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் வாருங்கள், கல்லுமலைக் கோயில் வரை போய்வரலாம்.

அங்கிள், அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் ஓட்டிய டாக்சி வீட்டுக்குப் பின்னால் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அம்மா இரும்புக் கடைக்காரரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்வது? (லிந்தாங்)

பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியில் முதலில் கிராண்டைத் தேடம்மா. அங்கே இல்லையென்றால் சாமி மேடைக்குப் பின்னால் பார். பைகளை மழை படாத இடத்துக்கு நகர்த்து. எதையும் கழுவாதே, ஒரு பையில் இருப்பதை இன்னொன்றில் போடாதே. அப்பா எழுதிவைத்த சீட்டு எங்கே கண்டாலும், புரியாவிட்டாலும், படம் எடுத்துவை. அம்மாவிடம் விற்க வேண்டாம் என்று சொல்லாதே. அந்தப் பணம் அவருக்குத் தேவையாக இருக்கலாம். ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல். இரும்புக் கடைக்காரர் கிலோவுக்கு என்ன விலை சொன்னார் என்று கேட்டுவை. சனிக்கிழமை மதியம் நான் வந்து பார்க்கிறேன்.