பெங்களூரு ஃபிளாட்டில் இரண்டு நாய் வளர்க்கக் கூடாதா?

கேள்வி: "பெங்களூரில் சொந்த ஃபிளாட். 'வீட்டுக்கு ஒரு நாய்தான்' என்று அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எங்களிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டுமா?"

வேண்டாம், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். முருகேஷ்பாளையத்தில் நானும் இரண்டு நாட்டு நாய்களோடு ஃபிளாட்டில்தான் இருக்கிறேன். இதே மாதிரி நோட்டீஸ் எங்கள் லிஃப்ட் பக்கத்திலும் ஒட்டியிருந்தார்கள்.

அந்த 'ஒன்று' எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூனில் மாநகராட்சிக்காக ஒரு விதி வந்தது. ஃபிளாட்டுக்கு ஒரு நாய், தனி வீட்டுக்கு மூன்று, உரிமக் கட்டணம் 110 ரூபாய் என்றார்கள். நாய் வளர்ப்பவர்கள் கொதித்துப் போனார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அரசு அதை நிறுத்தி வைத்தது. ஆனால் அப்போது செய்தியில் படித்தது பல செகரட்டரிகளின் மனதில் சட்டமாகவே தங்கிவிட்டது.

அசோசியேஷன் தானாக என்ன செய்யலாம்? இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. (1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கிய அதே வாரியம்தான். சுற்றறிக்கை வந்தபோது தலைமையகம் சென்னையில் இருந்தது.) குடியிருப்பவர்களில் பெரும்பான்மையோர் கை தூக்கினாலும் நாய் வளர்ப்பதற்குத் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது என்கிறது அது. உங்களுக்கு முக்கியமான வரி இன்னொன்று: வளர்க்கும் பிராணியைக் கைவிடச் சொல்லி யாரையும் மிரட்டக் கூடாது. பிராணிகளுக்குத் தடை போடும் அசோசியேஷன் விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021இல் சொல்லியிருக்கிறது.

அப்புறம், 'கொடுத்துவிடுவது' என்பது பெரும்பாலும் எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டவரும் சமாளிக்க முடியாமல் ஏதாவது ஏரிக்கரையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்குத் தெரு நாய்களின் எல்லைச் சண்டை தெரியாது. கழுத்துப் பட்டையோடு மெலிந்து திரியும் நாய்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது குற்றம்தான். ஆனால் முதல் முறைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இதை மாற்றாமல் எண்ணிக்கைக்கு விதி எழுதுவது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். அந்தச் சுற்றறிக்கையின் நகல், இரண்டு நாய்களின் ரேபிஸ் தடுப்பூசி அட்டைகள், உரிமம், கருத்தடை செய்ததற்கான மருத்துவரின் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு கடிதத்தோடு வைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு எண்ணிக்கைப் பேச்சு எழவில்லை. ஆனால் கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு ராத்திரிக் குரைப்பு உண்மையிலேயே தொல்லையாக இருந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரவில் பால்கனிக் கதவைச் சாத்தி, நாய்களை உள் அறையில் படுக்க வைக்கிறோம். பொது இடத்தில் சங்கிலி, கையில் கழிவு எடுக்கும் பை, இவற்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எங்கள் பிளாக்கில் எரிச்சலெல்லாம் மாடிப்படி அசிங்கமாவதில்தான் ஆரம்பிக்கிறது. எத்தனை நாய் என்று அதுவரை யாரும் எண்ணுவதில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால், 'இரண்டு நாய்கள் உண்டு' என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றில் ஒன்றைக்கூட வீட்டில் வளர்க்கக் கூடாது.