கேபிள் இழுவிசையும் பிரேஸ் இணைப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 30 மீட்டர் கேபிளைத் தொய்வே இல்லாமல் கட்ட எவ்வளவு இழுக்க வேண்டும்?

பதில்: எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. எடை இருக்கும்வரை தொய்வும் இருக்கும். கிடைவிசை = மீட்டருக்கான எடை × இரு தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கம் ÷ (8 × தொய்வு). தொய்வைப் பாதியாக்கினால் விசை இரட்டிக்கும். அனுமதிக்கும் தொய்வை முடிவு செய்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

கேள்வி: என் கேபிளில் இப்போது எவ்வளவு இழுவிசை இருக்கிறது?

பதில்: கடிதமே அவ்வளவுதான். நீளமும் இல்லை, எடையும் இல்லை! தொய்வைச் சொல்லாமல் இழுவிசை கேட்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? சரி, நீங்களே அளந்து பாருங்கள். கேபிளைத் தட்டிவிட்டு நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என எண்ணுங்கள். இழுவிசை = 4 × மீட்டருக்கான நிறை × நீளத்தின் வர்க்கம் × அதிர்வெண்ணின் வர்க்கம். கிலோ, மீட்டரில் போட்டால் விடை நியூட்டனில் வரும். தடித்த குட்டைக் கேபிளுக்கும் நிறையத் தொய்ந்த கேபிளுக்கும் இதை நம்பாதீர்கள்.

கேள்வி: கம்பிக்கயிற்றுக் கிளிப்பை எந்தப் பக்கம் போடுவது?

பதில்: சேணம் (கிளிப்பில் கயிறு உட்காரும் அடிப்பாகம்) சுமை தாங்கும் கயிற்றின் மேல், யூ-போல்ட் மடித்துவந்த வெட்டுமுனையின் மேல். சுமை ஏற்றியதும் மறுபடி முறுக்குங்கள்.

கேள்வி: நிலநடுக்கப் பகுதிக் கட்டடம். பிரேஸில் (சட்டம் சாயாமல் பிடிக்கும் சாய்வு உறுப்பு) 200 கிலோநியூட்டன் விசை வருகிறது. இணைப்பை அதற்கே வடிவமைத்தால் போதுமா?

பதில்: போதாது. பெரிய அதிர்வில் பிரேஸ் யீல்டாகி (நிரந்தரமாக நீண்டு), வளைந்து, ஆற்றலை விழுங்க வேண்டும். அதுவரை இணைப்பு உடையக் கூடாது. 20 சதுர செ.மீ. பரப்பும் 250 மெகாபாஸ்கல் எஃகும் என்றால் பிரேஸே 500 கிலோநியூட்டன் தரும். எஃகு பெரும்பாலும் முத்திரையைவிட வலுவாகவே வரும், ஆகவே 600-க்கு மேல் வையுங்கள். குஸெட் தகட்டை (பிரேஸைச் சட்டத்தோடு இணைக்கும் தகடு) செருகக் குழாய் பிரேஸில் பிளவு வெட்டிய இடத்தில் பரப்பு குறைகிறது, கூடுதல் தகடு வைத்து ஈடுகட்டுங்கள். பிரேஸ் பக்கவாட்டில் மடங்குமானால் குஸெட் தகடு மடங்க, அந்தத் தகட்டின் தடிமனைப்போல் 2 மடங்கு இடைவெளி விடுங்கள்.

வரைபடத்தில் பிரேஸைப் போட்டுவிட்டு, இணைப்பைப் பட்டறைக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. 1981-இல் கான்சாஸ் சிட்டி ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கிய நடைபாலங்களில், ஒரே தொங்குகம்பியாக இருக்க வேண்டியதை இரண்டாகப் பிரித்தார்கள். மேல் நடைபாலத்தின் இணைப்பில் சுமை இரட்டித்தது, 114 பேர் இறந்தார்கள். 2007-இல் மினியாபோலிஸ் பாலத்தில் குஸெட் தகடுகள் வேண்டியதில் பாதித் தடிமன்தான். 13 பேர் போனார்கள். இணைப்பைக் கணக்கிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: எக்ஸ் பிரேஸ் கம்பி ஒன்று தொளதொளவென்று இருக்கிறது. இறுக்கிவிடலாமா?

பதில்: முதலில் தூண்களுக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். செங்குத்தாக இருந்தால், தொய்வு போகும் அளவுக்கு மட்டும் டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு) திருப்புங்கள். அதிகம் இறுக்கினால் சட்டமே சாயும். அது தளராமல் பிடிக்கும் லாக் நட்டை மறக்காதீர்கள்.