பார்ட்னர் தவறாக ‘அவுட்’ சொன்னால் என்ன செய்வது?

வணக்கம். யு.எஸ்.டி.ஏ. (அமெரிக்க டென்னிஸ் சங்கம்) நடத்தும் 3.5 நிலை, அதாவது நடுத்தரத் திறன் கொண்டவர்களுக்கான டென்னிஸ் டபுள்ஸ் லீக்கில், கோட்டைத் தொட்ட பந்தையும் உங்கள் பார்ட்னர் ‘அவுட்’ என்கிறார், அணிக்குள் மனத்தாங்கல் வருமே என்று பேசாமல் இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இருக்காதீர்கள். அந்த நொடியிலேயே ‘பந்து உள்ளே’ என்று உரக்கச் சொல்லிவிடுங்கள். நடுவர் இல்லாத ஆட்டங்களுக்கு யு.எஸ்.டி.ஏ.வின் ‘தி கோட்’ என்ற நடத்தை விதித் தொகுப்பு இருக்கிறது. அதன்படி ஜோடிக்குள் கருத்து வேறுபட்டால் பந்து உள்ளேதான், பாயின்ட் எதிரணிக்கு. சந்தேகத்தின் பலனும் அவர்களுக்கே. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால்தான் அவுட்.

அவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. ஓடிக்கொண்டே பார்த்தால் கண் தடுமாறும். கோட்டின் நீளவாக்கில் பார்ப்பவருக்குத்தான் தெளிவாகத் தெரியும். அதனால் அவர் சர்வை எதிர்கொள்ளும்போது, சர்வீஸ் லைனை (சர்வ் விழவேண்டிய கட்டத்தின் பின்கோடு) ஒட்டி நிற்கிற நீங்களே அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், வார்ம்-அப் நேரத்திலேயே பேசிவிடுங்கள்: “நான் மாற்றிச் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க, நீங்களும் என்னைத் திருத்தலாம்.” பெரும்பாலும் இதுவே போதும். அதற்கும் சரிப்படவில்லை என்றால் கேப்டனிடம் தனியாகச் சொல்லி, வேறு பார்ட்னரைக் கேளுங்கள்.