கோடை இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பி.எஸ்ஸி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பிஎச்.டி. மாணவருக்கு நேர விரயம்தானே?

'கைடு இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. பிள்ளைகள் இரண்டு பேரை மே, ஜூன் முழுக்க என் தலையில் கட்டிவிட்டார், என் வேலை கெடுகிறது, எனக்கு இதில் என்ன லாபம்' என்று கேள்வி விவரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பிஎச்.டி. இரண்டாம் வருடமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் வருடம் என்றால் கோர்ஸ்வொர்க் இருக்கும், உங்களை நம்பி யாரையும் விடமாட்டார்கள். நான்காம் வருடம் என்றால் எதையாவது சொல்லி நீங்களே நழுவியிருப்பீர்கள்.

நேரம் போகும். முதல் இரண்டு வாரம் உங்கள் வேலை ஒன்றும் நகராது, அதைக் கணக்கில் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது நீங்கள் அவர்களுக்கு எந்த வேலையைக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. பல லேபில் பாட்டில் கழுவ, மீடியா ஊற்ற, டிப் பாக்ஸ் அடுக்க வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ஒரு கத்தை பேப்பரைக் கொடுத்து 'படிச்சிட்டு வா' என்று மூலையில் உட்காரவைப்பார்கள். இரண்டிலும் அந்தப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை, உங்களுக்கும் ஒன்றுமில்லை.

நான் பெங்களூரில் பழ ஈ லேப் ஒன்றில் பிஎச்.டி. செய்தேன். அறிவியல் அகாதெமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஃபெல்லோஷிப்பில், தென்மாவட்ட அரசுக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். விலங்கியல் இரண்டாமாண்டு, பிளஸ் டூ வரை தமிழ் வழி. லேப் மீட்டிங்கில் எல்லோரும் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளும்போது நோட்டைப் பார்த்துக் குனிந்தே இருப்பாள். 'இதை எதுக்கு எடுத்தாங்க' என்று சீனியர் ஒருவர் என் காதுபடவே கேட்டார்.

எங்களிடம் மியூட்டன்ட் ஸ்டாக் ஒன்று, அதாவது மரபணு மாற்றம் உள்ள ஈ வம்சம் ஒன்று, இருந்தது. எந்தக் குப்பியில் போட்டாலும் ஈக்கள் கொஞ்சமாகத்தான் வரும். 'அது சீக்கு ஸ்டாக்' என்று சொல்லியே வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தோம். பெண் ஈ முட்டை குறைவாக இடுகிறதா, இட்ட முட்டை பொரியவில்லையா? உட்கார்ந்து எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அதை அவளிடம் கொடுத்தேன். 25 டிகிரியில் முட்டை பொரிய ஒரு நாள், முட்டையிலிருந்து ஈ வர பத்து நாள். தப்பு நடந்தாலும் இரண்டு மாதத்துக்குள் மறுபடி மறுபடி செய்து பார்க்கலாம். விலையுயர்ந்த என்சைம் எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும்விட, அதன் விடை எனக்கே தெரியாது.

திராட்சைச் சாறு கலந்த அகார் தட்டில் ஈஸ்ட் பசையைத் தடவி, இரவு முட்டையிட விடுவோம். மறுநாள் பொரிவதற்கு நேரம் கொடுத்துவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் ஊசியால் தள்ளித் தள்ளி எண்ண வேண்டும். பொரிந்தது வெறும் தோலாகச் சுருங்கிக் கிடக்கும், பொரியாதது முழுசாக இருக்கும். நான் கொடுத்த தாளில் இந்த இரண்டு கட்டம்தான் இருந்தது. முதல் வாரம் 'மேம்' என்று கூப்பிட்டவள் அதற்குள் 'அக்கா'வுக்கு வந்திருந்தாள்.

"அக்கா, பொரியாததுல ஒண்ணு ரெண்டு பழுப்பா மாறியிருக்கு. மத்ததெல்லாம் வெள்ளையாவே இருக்கு. தனித்தனியா எழுதவா?"

கரு வளர ஆரம்பித்துப் பாதியில் செத்தால் முட்டை பழுப்பாகும். வெள்ளையாகவே நின்றால் பெரும்பாலும் அது கருவுறவே இல்லை. இவள் கணக்கில் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளை. பெண் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சந்தேகம் அன்றைக்கு ஆண் ஈ பக்கம் திரும்பியது.

மியூட்டன்ட் ஈயைச் சாதாரண ஈயோடு மாற்றி மாற்றி இணைசேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால், இன்னும் இணைசேராத கன்னி ஈக்கள் வேண்டும். கூட்டிலிருந்து வந்த பெண் ஈ 25 டிகிரியில் முதல் எட்டு மணி நேரம் இணைசேராது. அதனால் குப்பியைக் காலி செய்துவிட்டு, அந்த நேரத்துக்குள் புதிதாக வந்ததைப் பிடிக்க வேண்டும். புதுசின் வெளுத்த வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். எனக்கு அது கண்ணில் படவே ரொம்ப நாள் ஆனது. இவள் சீக்கிரமே மளமளவென்று பிரித்துப் போட்டாள். மியூட்டன்ட் பெண்ணோடு சாதாரண ஆண்: முட்டைகள் ஒழுங்காகப் பொரிந்தன. சாதாரணப் பெண்ணோடு மியூட்டன்ட் ஆண்: தட்டு முழுக்க வெள்ளை. என் தீசிஸில் ஒரு அத்தியாயம் இங்கிருந்துதான் கிளம்பியது. லாபம் கேட்டீர்களே, இதுதான்.

பிறகு பேப்பர் எழுதும்போது, 'சம்மர் ஸ்டூடண்ட்தானே, நன்றிப் பத்தியில் போட்டால் போதும்' என்றார்கள். நான் விடவில்லை. ஆசிரியர் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அதற்காக நான் வாங்கிய பேச்சு தனிக்கதை.

'ஒரு கெட்டிக்காரப் பெண் கிடைத்துவிட்டாள், அதை வைத்து அளக்கிறாள்' என்று யாராவது கமென்ட் போடுவீர்கள். தெரியும். அடுத்த வருடம் வந்த பையனையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு அறிவியல் மாணவர்களுக்குக் கொடுக்கும் இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப்பில் வருடத்துக்கு 80,000 ரூபாய், அதில் 20,000 கோடைத் திட்டப்பணிக்கு. அவனுக்கு வேண்டியது கையெழுத்து. ஈ அறையில் ஏசி இருந்ததால் வந்து உட்கார்ந்து போன் பார்ப்பான். அவனால் எனக்கு நயாபைசா பிரயோஜனம் இல்லை. கோட்பாட்டு இயற்பியல்காரர்களும் சண்டைக்கு வரவேண்டாம். உங்கள் துறையில் இரண்டு மாதத்தில் அடிப்படைப் பாடமே முடியாது என்பது எனக்கும் தெரியும். நான் சொல்வது கையால் செய்யும் வேலைக்கு.

பாட்டில் கழுவுவதும் கேவலம் இல்லை. பழ ஈயை வைத்து மரபியலை வளர்த்தவர் மார்கன்; அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த அவருடைய லேபுக்குப் பாட்டில் கழுவ வந்த கல்லூரி மாணவர்தான், பின்னாளில் பெரிய மரபியலாளரான பிரிட்ஜஸ். தடித்த கண்ணாடி வழியாக, வெறுங்கண்ணால், மற்றவற்றைவிடப் பளிச்சென்ற சிவப்புக் கண்ணோடு ஒரு ஈ இருப்பதைக் கண்டுபிடித்தார். அதே லேபில் 1911இல் ஸ்டர்டெவன்ட் கல்லூரி வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு இரவில் உட்கார்ந்து உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார். அவரும் அப்போது இளநிலை மாணவர்தான். மார்கன் பாட்டில் கழுவியவரைக் கழுவுவதோடு நிறுத்தவில்லை.

சம்மர் பிள்ளைகளால் நேரம் போகிறது என்கிறீர்களே, என் நேரத்தை நிஜமாகத் தின்றது எது தெரியுமா? ஃபெல்லோஷிப் பணம். பிஎச்.டி. மாணவருக்கு மத்திய அரசு கொடுக்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ஆக்கிவிட்டார்கள், சந்தோஷம். மாதாமாதம் வந்தால்தானே அது மாதச் சம்பளம்? எனக்கெல்லாம் அரை வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக விழும். அதுவரை ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று அலைய வேண்டும். பெங்களூர் வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார், அவரிடம் போய் 'போன தவணைப் பணத்தைச் செலவழித்த கணக்கு, யூட்டிலைசேஷன் சர்டிபிகேட், இன்னும் போகவில்லை சார்' என்று விளக்க முடியுமா? அந்தக் கோடையில் என் ஸ்டூடண்டுக்குப் பணம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. கேன்டீனில் பில்லை அவள்தான் கொடுத்தாள்.

சரி, உங்கள் விஷயம். இரண்டு பேரையும் ஒரே வேலையில் போடாதீர்கள், பேசுகிறவன் செய்வான், மற்றவன் வேடிக்கை பார்ப்பான். ஆளுக்கு ஒரு சின்னக் கேள்வி, ஆளுக்கு ஒரு நோட்டு, சாயங்காலம் பத்து நிமிடம் அந்த நோட்டை நீங்கள் பார்க்க வேண்டும். கடைசியில் சிபாரிசுக் கடிதத்தில் கைடுதான் கையெழுத்துப் போடுவார், டிராஃப்டை உங்களிடம்தான் கேட்பார். 'ஹார்ட் வொர்க்கிங், சின்சியர்' என்று எழுதி அனுப்பாதீர்கள், எல்லோருக்கும் அதையே எழுதுகிறார்கள். என் ஸ்டூடண்டுக்கு வெள்ளை முட்டை, பழுப்பு முட்டை சமாசாரத்தை ஒரு பத்தி முழுக்க எழுதினேன். எம்.எஸ்ஸி. இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் கேட்டார்களாம்.