திருகோணமலையில் பார்டெண்டர் வேலைக்குத் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

நிலாவெளி ஹோட்டல் பாரில் சேர நினைக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவில் வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் ஊற்றிக் கொடுப்பவரே பெர்மிட் எடுக்க வேண்டும். இங்கே கதை வேறு. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி மது விற்கும் இடத்துக்குத்தான் அனுமதிப்பத்திரம்; மதுவரித் திணைக்களத்துக்கு அலைவது முதலாளியின் பாடு.

உங்களிடம் ஹோட்டல்காரர் கேட்கப்போவது படிப்பும் அனுபவமும். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் நல்லது, பிறகு வெளிநாடு போகவும் உதவும். ஆங்கிலம் பேச வராவிட்டால் சான்றிதழும் சும்மாதான்!

சரி, சட்டத்தில் இரண்டை மறக்காதீர்கள்: 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், போயா (பௌர்ணமி) நாளில் விற்பனை கிடையாது. உப்புவெளி, நிலாவெளியில் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன், அதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.